ஒலிம்பியா யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த கதை

கிரேக்க நாட்டின் வோலோஸ் துறைமுகத்தில் கப்பல் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் பாதி ஆயுளைக் கழித்தவள் ஒலிம்பியா. பக்கத்து ஜன்னல் காலியாக இருந்தாலும் ஜனங்கள் இவள் ஜன்னலில்தான் வரிசை கட்டுவார்கள். யாராவது அந்தப் பக்கம் நகர்ந்தால் அவளுக்கு முகம் சுருங்கிவிடும். "அங்க என்ன, டிக்கெட்டோட கேக்கும் குடுக்கறாங்களா?" என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து குரல் கொடுப்பாள். அவள் சுபாவம் அப்படி. தன்னிடம் வந்தவர் தன்னிடமே வரவேண்டும்.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபோது அந்த ஜன்னலும் போயிற்று. அதற்குப் பதிலாக டயாலிசிஸ் நிலையத்தில் ஒரு சாய்வு நாற்காலி கிடைத்தது. திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று காலைகள். இடது கையில் இரண்டு ஊசி குத்திவிட்டால் நாலு மணி நேரத்துக்கு அந்தக் கையை அசைக்கக்கூடாது. ரத்தம் வெளியே போய் சுத்தமாகித் திரும்பி வரும். சுவரில் ஒரு டிவி இருந்தது. அதில் எதைப் போடுவது என்று தினமும் சண்டை.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு ஸ்டுட்கார்ட்டிலிருந்து வந்த மகன் ஃபீவோஸ் அவள் போனில் எதையோ ஏற்றிக் கொடுத்தான். "இதுக்குப் பேரு பாட்காஸ்ட்மா. ஆளுங்க கதை சொல்வாங்க, நாடகம் மாதிரி நடிப்பாங்க. காதுல மாட்டிக்கிட்டுப் படுத்திரு."

"ரேடியோதானே?"

"ரேடியோ உனக்காக நிக்காது. இது நிக்கும்."

தான் நிறுத்தினால் ஒரு கதை அப்படியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பது அவளுக்குப் பெரிய மரியாதையாகப் பட்டது. அந்தக் கோடைக்குள் அவள் கேட்காத கதையில்லை. கொலைக்கதை, பேய்க்கதை, குடும்பக் கதை, நூறு வருஷத்துக்கு முந்தைய கதையை யாரோ வாசித்தது, நாலு பேர் சேர்ந்து சமையலறையில் உட்கார்ந்து பதிவு செய்தது, எல்லாம் கேட்டாள். அடுத்த கோடைக்குள் அந்தக் கூடத்தில் யாருக்கு எந்தக் கதை என்று முடிவு செய்கிறவளாக ஆகிவிட்டாள்.

சும்மா எடுத்துக் கொடுத்துவிடமாட்டாள். புதிதாக வருகிறவர்களிடம் முதலில் கேள்வி கேட்பாள். "கோபம் வந்தா கத்துவீங்களா, பேசாம இருப்பீங்களா?" "வீட்டுல பேசறது யாரு, கேக்கறது யாரு?" பதிலைக் கேட்டு, ஆளை ஒரு பார்வை பார்த்து, பிறகுதான் கதை. மூன்றாம் மணியில் ரத்த அழுத்தம் இறங்கிக் கால் இழுக்கும், அந்த நேரத்தில் பயங்கரம் எதுவும் வரக்கூடாது. புது ஆளுக்கு நீளமான தொடர் ஆகாது, அரை மணியில் முடிகிற கதையாக நாலு கொடுத்துப் பழக்கவேண்டும்.

இதெல்லாம் அவள் பட்டுத் தெரிந்துகொண்டது. ஆரம்பத்தில், பீலியோன் மலைப்பக்கத்தில் ஒலிவத் தோட்டம் வைத்திருந்த கிழவர் லாம்ப்ரோஸுக்கு ஒரு போலீஸ் கதையைக் கொடுத்தாள். மூன்றாவது பகுதியில் அந்தப் போலீஸ்காரன் வெயிலில் மலையேறி வந்து ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறான். கூஜாவிலிருந்து தண்ணீர் இறங்கும் சத்தம், தொண்டையில் மடக் மடக் என்று போகும் சத்தம் எல்லாம் அச்சு அசலாகப் பதிவாகியிருந்தது. லாம்ப்ரோஸ் காதில் மாட்டியிருந்ததைப் பிடுங்கி எறிந்தார்.

"என்னைக் கொல்லப் பாக்கறியா பொம்பளே? நாள் பூரா எனக்கு இத்துனூண்டு தண்ணி. அவன் என்னடான்னா கூஜாவோட கவுத்துக்கிட்டு 'ஆஹா'ங்கறான்!"

டயாலிசிஸ்காரர்களுக்குத் தண்ணீர் அளந்துதான். குடித்தது வெளியே போக வழியில்லை, உடம்பிலேயே தங்கிவிடும். அன்றிலிருந்து ஒரு கதையை முழுக்கத் தான் கேட்டு, அதில் தண்ணீர் இல்லை, தர்ப்பூசணி இல்லை, ஆவி பறக்கிற சூப் இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகுதான் ஒலிம்பியா அதை இன்னொருவருக்குக் கொடுத்தாள். நர்ஸ் அர்கிரோகூட யாராவது புதிதாக வந்தால், "முதல்ல எடை பாக்கணும், அப்புறம் ஊசி, அப்புறம் ஒலிம்பியாம்மா" என்று வரிசை சொல்வாள். அதைக் கேட்க ஒலிம்பியாவுக்குக் காது குளிரும்.

ஒரே ஒரு கதையை மட்டும் அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. 'எட்டாம் மேடை' என்று பெயர். யானினாவில் ஒரு அண்ணனும் தங்கையும் சேர்ந்து செய்கிற தொடர். ஒரு பேருந்து நிலையம். அதில் பயணிகள் மறந்துவிட்டுப் போன பொருள்களை வைத்திருக்கும் அறை. அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஒருத்தி. ஒவ்வொரு பகுதியிலும் யாராவது எதையாவது தேடிக்கொண்டு வருவார்கள், அவ்வளவுதான். ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணைத் தன்னைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள் என்பதில் ஒலிம்பியாவுக்குச் சந்தேகமே இல்லை. கேட்பவர்களும் அதிகம் கிடையாது. மிட்டாயை வாயில் அடக்கிக்கொள்வதுபோல வாரத்துக்கு ஒரு பகுதி கேட்பாள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். கேட்கும்போது யாராவது "என்ன கேக்கறே?" என்றால், "செய்தி" என்பாள்.

எவாந்தியா வந்தது மழை பெய்த ஒரு திங்கட்கிழமை. வோலோஸை ஒட்டிய நெயா யோனியாவில் சொந்தமாகச் சிகையலங்காரக் கடை வைத்திருந்தவள். ஐம்பதுகூட ஆகவில்லை. ஒலிம்பியாவுக்குப் பக்கத்து நாற்காலி. ஊசி குத்தும்போது அழவில்லை, குத்தி முடித்து எல்லாரும் நகர்ந்த பிறகு சத்தமில்லாமல் அழுதாள். சாயம் போட்ட செம்பட்டை முடி கன்னத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. வலது கையால் துடைக்கப் பார்த்தாள். அந்தக் கையில் போன் இருந்ததால் போன்தான் நனைந்தது.

"அக்கா, இது எப்ப முடியும்?"

"பதினோரு மணிக்கு."

"அதைக் கேக்கல."

ஒலிம்பியாவுக்குக் கேள்வி கேட்டு ஆளை எடைபோடும் வழக்கமெல்லாம் அந்த நிமிஷத்தில் மறந்துபோயிற்று. தன் இரண்டு காதில் ஒன்றிலிருந்ததைக் கழற்றி, கையை நீட்டி அவள் காதில் செருகினாள். அப்போது ஓடிக்கொண்டிருந்தது 'எட்டாம் மேடை'.

ஒரு ஆள் ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டு வந்திருந்தான். "இன்னொரு கால்ல என்ன போட்டுக்கிட்டுப் போனீங்க?" என்று கேட்கிறாள் அறைக்காரி. "அது என் செருப்பு இல்லைங்க, அவளோடது. ஜோடி சேந்தா திரும்பி வருவாளான்னு பாக்கறேன்" என்கிறான் அவன். எவாந்தியா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். "இந்தப் பொம்பள எங்க சித்தி மாதிரியே பேசறாக்கா."

ஒலிம்பியாவுக்கு அன்று முழுக்க மனசு லேசாக இருந்தது. நல்ல காரியம் செய்தோம் என்றிருந்தது.

புதன்கிழமைக்குள் எவாந்தியா கையில் கிடைத்த எல்லாப் பகுதிகளையும் கேட்டு முடித்துவிட்டாள்.

"எல்லாத்தையுமா?"

"விட முடியலக்கா. முடி வெட்டிக்கிட்டே கேட்டேன், துணி மடிச்சுக்கிட்டே கேட்டேன். அந்த அறிவிப்பைக் கவனிச்சீங்களா? பின்னால ஒலிபெருக்கியில ஒவ்வொரு தடவையும் கார்தித்ஸா பஸ் புறப்படப்போகுதுன்னு சொல்றான். ஆனா அது புறப்பட்டதா ஒரு தடவைகூடச் சொல்லல. அவ அந்த பஸ்ஸுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கா. அவளும் யாரோ விட்டுட்டுப் போனவதான்!"

ஒலிம்பியா மூன்று தடவை கேட்டிருக்கிறாள். கவனித்ததில்லை. "தெரியுமே" என்றாள்.

வீட்டுக்குப் போய்ச் சட்டைகூட மாற்றாமல் முதல் பகுதியைப் போட்டாள். கார்தித்ஸா பஸ் இருந்தது. இரண்டாம் பகுதியிலும் இருந்தது. போனைச் சோபாவில் வீசினாள். தன் வீட்டில் தனக்குத் தெரியாத ஓர் அறையை விருந்தாளி திறந்து காட்டியதுபோல இருந்தது.

அதற்கப்புறம் நடந்ததை அவளால் தடுக்க முடியவில்லை. எவாந்தியா கேள்வி கேட்கிற ரகமில்லை. கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் 'எட்டாம் மேடை'யைக் கொடுத்தாள். நர்ஸுக்குக் கொடுத்தாள், ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவருக்குக் கொடுத்தாள், தன் தெருவில் ரொட்டிக் கடைக்காரிக்குக் கொடுத்தாள். போலீஸ்காரன் தண்ணீர் குடித்த நாள்முதல் கதையென்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் லாம்ப்ரோஸ் காதில், ஊசி குத்துவதற்கு முன்னால் தானே எழுந்துபோய் மாட்டிவிட்டாள். கிழவர் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் இன்னொன்று கேட்டார். இரண்டு வாரம் கழித்து எடை பார்க்கும் இடத்தில் ஒலிம்பியாவைப் பிடித்துக்கொண்டார்.

"நீயும் இத்தனை நாளா எனக்கு என்னென்னவோ குடுத்தே. இந்த மாதிரி ஒண்ணு குடுத்தியா? பாரு, எவாந்தியா வந்த மாசமே கண்டுபிடிச்சுட்டா!"

'நான்தான் அவளுக்குக் கொடுத்தேன்' என்று வாய்வரை வந்தது. வந்ததை அப்படியே விழுங்கினாள். சொன்னால் கிழவர் அடுத்த கேள்வி என்ன கேட்பார் என்று அவளுக்குத் தெரியும். அப்போ இவ்வளவு நாள் எனக்கு ஏன் கொடுக்கவில்லை?

"ஆமாண்ணே, கெட்டிக்காரி" என்றாள்.

புதிதாக ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்து சேர்ந்தார். ஒலிம்பியா அவரிடம் கேள்விகளைத் தொடங்கக்கூட இல்லை, எவாந்தியா பக்கத்து நாற்காலியிலிருந்து கூவினாள்: "சார், 'எட்டாம் மேடை'யிலேர்ந்து ஆரம்பிங்க!" அர்கிரோகூட இப்போது வரிசை சொல்லும்போது பெயரை மாற்றிவிட்டாள். "எடை, ஊசி, எவாந்தியா." விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஒலிம்பியாவுக்கு அன்று ரத்த அழுத்தம் ஏறிக் காட்டியது. இயந்திரம் பீப் பீப் என்று கத்தியது.

கோடை தொடக்கத்தில் ஒருநாள் மதியம், சமையலறையில் கத்தரிக்காய் வறுத்துக்கொண்டே புதுப் பகுதியைப் போட்டாள். கதைக்கு முன்னால் தயாரிப்பாளர் பெண் பேசினாள். கேட்பவர்கள் அனுப்பிய குரல்பதிவுகளில் ஒன்றைப் போடப்போவதாகச் சொன்னாள். அடுத்த நொடி சமையலறையில் எவாந்தியாவின் குரல் வந்தது.

"வணக்கம், நான் வோலோஸிலேர்ந்து எவாந்தியா. எங்க டயாலிசிஸ் நிலையத்துல எல்லாருமே உங்க கதைதான் கேக்கறோம். முதல் நாள் நான் அழுதுக்கிட்டிருந்தப்ப பக்கத்து நாற்காலி அக்கா ஒருத்தங்க என் காதுல மாட்டிவிட்டாங்க..."

கத்தரிக்காய் கருகியது. கணவர் ஸ்தெர்கியோஸ் எட்டிப் பார்த்தார். படகு இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவர், அதிகம் பேசமாட்டார்.

"என்ன கருகுது?"

"பக்கத்து நாற்காலி அக்காவாம்!" ஒலிம்பியா கரண்டியை வீசாத குறையாகச் சொன்னாள். "எனக்குப் பேரு கிடையாது? ரேடியோல பேசறா, தன் பேரைச் சொல்றா, ஊரைச் சொல்றா. நான் நாற்காலி!"

"உன்னையும் சொல்லிட்டாளே."

"சொல்லாமயே இருந்திருக்கலாம்!"

"ஓ" என்றார் ஸ்தெர்கியோஸ். அடுப்பை அணைத்தார். "முப்பது வருஷத்துக்கு முன்னால உன் தங்கச்சி உன் கல்யாண கவுனை இரவல் வாங்கிக்கிட்டுப் போனா. எல்லாரும் அவளுக்குத்தான் நல்லா இருக்குன்னு சொன்னாங்க. அன்னிக்கும் இதே மூஞ்சிதான்."

அவள் அன்று மாலைவரை அவரோடு பேசவில்லை.

ஆகஸ்டில் வெயில் உச்சத்துக்கு வந்தது. தெருவில் தார் இளகியது. வெள்ளிக்கிழமை முடிந்தால் திங்கள் காலைவரை இயந்திரம் கிடையாது. நோயாளிகள் எல்லாரும் பயப்படுகிற இடைவெளி அதுதான். தாகத்தை அடக்கியாகவேண்டும். அந்த வெள்ளிக்கிழமை எவாந்தியா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். "அக்கா, சனி ஞாயிறுக்கு ஏதாவது குடுங்க. நான் எதை எடுத்தாலும் குப்பையா இருக்கு. உங்க கைதான் ராசி."

வேறொரு நாளாக இருந்தால் அந்த ஒரு வார்த்தைக்கு ஒலிம்பியா கரைந்திருப்பாள். அன்று காலை வாத்தியார் எவாந்தியாவிடம் கையெழுத்து வாங்காத குறையாகப் பேசிக்கொண்டிருந்ததை அவள் பார்த்திருந்தாள்.

"கப்பல் உடைஞ்சு அஞ்சு பேரு படகுல மாட்டிக்கற கதை ஒண்ணு இருக்கு. ரொம்ப நல்லாயிருக்கும்" என்றாள்.

அந்தக் கதையை அவள் எப்போதோ ஒதுக்கி வைத்திருந்தாள். பத்துப் பகுதியும் தாகம்தான். வெடித்த உதடு, மழைக்கு ஏங்குவது, கடைசியில் ஒருவன் கனவில் நீரூற்றைக் கட்டிப்பிடித்துக் குடித்துக்கொண்டே இருப்பது. எல்லாம் தெரிந்துதான் கொடுத்தாள். எவாந்தியா அவள் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை எவாந்தியாவை நடத்திக் கூட்டிவரவில்லை. சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முகம் வீங்கி, உதடு நீலம் பாரித்து, ஒவ்வொரு மூச்சையும் எங்கிருந்தோ இழுத்துக் கொண்டுவந்தாள். ஆக்சிஜன் மாட்டினார்கள். டாக்டர் ஓடிவந்தார். திரையை இழுத்து மறைத்தார்கள். "நுரையீரல்ல தண்ணி" என்று அர்கிரோ யாரிடமோ சொன்னது திரைக்கு இந்தப் பக்கம் கேட்டது.

ஒலிம்பியா ஊசி குத்திய கையை அசைக்க முடியாமல், திரையையே பார்த்தபடி கிடந்தாள். அன்று அவள் காதில் எதையும் மாட்டிக்கொள்ளவில்லை. வாயில் வந்த பெயரையெல்லாம் சொல்லிக் கும்பிட்டாள். துறைமுகத்துப் புனித நிக்கோலாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். எவாந்தியா செத்தால் தானும் இந்த நாற்காலிக்குத் திரும்பி வரப்போவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டாள். தன் இயந்திரம் முடிந்து ஊசியை எடுத்த பிறகும் அவள் வீட்டுக்குப் போகவில்லை.

மதியத்துக்கு மேல் திரையை விலக்கினார்கள். எவாந்தியா களைத்துப்போய், ஆனால் சிவந்த முகத்தோடு படுத்திருந்தாள். ஒலிம்பியா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அந்தக் கப்பல் கதை..." என்று தொடங்கினாள்.

"எந்தக் கதை? ஓ, அதுவா?" எவாந்தியா முகத்தைச் சுளித்தாள். "கோவிச்சுக்காதீங்கக்கா. பத்து நிமிஷம் கேட்டேன், தூங்கிட்டேன். சவசவன்னு இருந்தது. எனக்கு இப்படி ஆனது வேற. எங்க அக்கா பொண்ணு குழந்தைக்கு ஞானஸ்நானம். தர்ப்பூசணியை ஐஸ்ல போட்டு வச்சிருந்தாங்க. ஒரு துண்டுதான்னு ஆரம்பிச்சேன். பாதிப் பழம் போயிடுச்சு."

ஒலிம்பியாவுக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியது. இறங்கிய இடத்தில் உடனே இன்னொன்று வந்து உட்கார்ந்தது. பத்து நிமிஷமா? சவசவன்னா? சொல்ல வந்ததை அவள் சொல்லவில்லை. "தர்ப்பூசணியா? அறிவிருக்கா உனக்கு!" என்று கத்தினாள். அவள் கண்ணில் வந்த தண்ணீரைப் பார்த்து எவாந்தியா அது பாசம் என்று நினைத்துக்கொண்டாள். பாதி அதுவும்தான்.

இலையுதிர்காலத்தில் எவாந்தியாவின் தம்பி ஸீஸிஸ் பரிசோதனை செய்துகொண்டான். அவன் சிறுநீரகம் பொருந்தியது. ஜனவரியில் எபிபனி பண்டிகை முடிந்ததும் தெசலோனிகியில் அறுவைச் சிகிச்சை என்று நாள் குறித்தார்கள். செய்தி கூடத்துக்கு வந்த அன்று எல்லாரும் அவரவர் நாற்காலியிலிருந்து ஒற்றைக் கையால் தொடையில் தட்டிக் கைதட்டினார்கள். லாம்ப்ரோஸ் அழுதார். ஒலிம்பியா, "கடவுள் கண்ணைத் திறந்தார்" என்று சொல்லவேண்டியதை முறையாகச் சொன்னாள். பிறகு இயந்திரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கதைக்காகப் பட்ட பொறாமையை அவள் கணவரிடம் கத்த முடிந்தது. இதை யாரிடமும் சொல்ல முடியாது.

அன்று மாலை மகனுக்குப் போன் செய்தாள். ஸ்டுட்கார்ட்டில் பனி விழுகிறதா, குழந்தைகளுக்குச் சளி போயிற்றா என்றெல்லாம் கேட்டுவிட்டு, எவாந்தியாவின் தம்பியைப் பற்றிச் சொன்னாள்.

"அம்மா, என் கிட்னியத் தரட்டுமான்னு நான் அன்னிக்கே கேட்டேன்."

"ஒரு தடவை கேட்டே."

"நீ வேணாம்னே."

"ஆமா. வேணாம்னுதான் சொன்னேன்."

அவனுக்குப் பின்னால் குழந்தை எதற்கோ அழுதது. அப்புறம் பேசுகிறேன் என்றான். இப்போது அவன் கேட்டாலும் பயனில்லை. அவள் இதயம் அவ்வளவு பெரிய அறுவையைத் தாங்காது என்று டாக்டர் எப்போதோ சொல்லிவிட்டார். அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவள் எதிர்பார்த்தது சிறுநீரகத்தை அல்ல. இரண்டாம் தடவை கேட்பான் என்றுதான் இத்தனை வருஷம் எதிர்பார்த்திருந்தாள்.

எவாந்தியாவுக்கு எல்லாம் நல்லபடியாக முடிந்தது. பக்கத்து நாற்காலியில் வேறு யாரோ வந்து உட்கார்ந்தார்கள். தெசலோனிகியிலிருந்து போன் வந்தது. ஒலிம்பியா எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்தாள்.

"என்னக்கா, போனை எங்க வச்சுட்டீங்க? நான் இங்க தனி ரூம்ல, யாரும் வரக்கூடாதாம். கேக்க ஒண்ணுமில்லாம பைத்தியம் பிடிக்குது. ஏதாவது சொல்லுங்க."

"என்கிட்ட கேக்காதே."

"ஏன்?"

"பொறாமையா இருக்குடி." சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. "உன் தம்பி மேல பொறாமை. அந்தக் கார்தித்ஸா பஸ் மேல பொறாமை. நீ குடுத்தா எல்லாரும் கேக்கறாங்க, அதுமேல பொறாமை. 'எட்டாம் மேடை'யை ரெண்டு வருஷம் யாருக்கும் குடுக்காம ஒளிச்சு வச்சிருந்தேன். அந்தக் கப்பல் கதைய வேணும்னேதான் குடுத்தேன். நீ தாகத்துல தவிக்கணும்னு குடுத்தேன்."

மறுமுனையில் கட்டில் கிறீச்சிட்டது.

"நான் அதைக் கேட்டிருந்தா?"

"தெரியல."

"செத்திருந்தா?"

ஒலிம்பியா பதில் சொல்வதற்குள் இணைப்பு போயிற்று. அவள் திரும்பக் கூப்பிடவில்லை. எவாந்தியாவும் கூப்பிடவில்லை. குளிர்காலம் அப்படியே போயிற்று. கூடத்தில் புதிதாக வருகிறவர்கள் மறுபடியும் ஒலிம்பியாவிடம் கேட்கத் தொடங்கினார்கள். அவள் கொடுத்தாள். 'எட்டாம் மேடை'யைத்தான் முதலில் கொடுத்தாள். லாம்ப்ரோஸ் மட்டும் அடிக்கடி, "எவாந்தியா எப்படி இருக்காளோ" என்பார். "நல்லாத்தான் இருப்பா" என்பாள் ஒலிம்பியா.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் எவாந்தியாவின் கடை திறந்திருக்கிறது என்று கேள்விப்பட்டாள். ஸ்தெர்கியோஸை வாசலில் இறக்கிவிடச் சொல்லி, வண்டி போகும்வரை தெருவில் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனாள். மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எவாந்தியா முகக்கவசம் போட்டிருந்தாள். கன்னத்தில் சதை வைத்திருந்தது. கண் மட்டும் நிமிர்ந்து பார்த்தது.

"கலர் போடணும்" என்றாள் ஒலிம்பியா.

"எந்தக் கலர்?"

"எனக்கென்ன தெரியும்? நீதானே கடைக்காரி."

எவாந்தியா ஒரு துணியை உதறி அவள் கழுத்தைச் சுற்றிக் கட்டினாள். வழக்கத்தைவிட இறுக்கமாகத்தான் கட்டினாள். சாயத்தைக் குழைத்து, சீப்பின் வாலால் வகிடு பிரித்துப் பூசத் தொடங்கினாள். அலமாரிமேலிருந்த சின்ன ஸ்பீக்கரில் கதை ஓடிக்கொண்டிருந்தது. ஒலிம்பியாவுக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது.

"நல்லாயிருக்கே, என்ன இது?" என்று கேட்டாள் காத்திருந்த பெண்களில் ஒருத்தி.

"'எட்டாம் மேடை'. நான்தான் வோலோஸுக்கே இதைக் கண்டுபிடிச்சுக் குடுத்தவ" என்றாள் எவாந்தியா, தூரிகையை நிறுத்தாமல்.

"பொய்!" தலையில் பாதி சாயத்தோடு ஒலிம்பியா நாற்காலியில் எழும்பினாள். "நான் குடுத்தேன்! நான் குடுத்ததுதான் அது!"

எவாந்தியா கண்ணாடியில் அவளைப் பார்த்தாள். கண்கள் சுருங்கின. முகக்கவசத்துக்குள் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை.

"கேட்டுக்கோங்க எல்லாரும்" என்றாள். "இவங்க பேரு ஒலிம்பியா. எனக்கு இதைக் குடுத்தது இவங்கதான். அதுக்கு முன்னால ரெண்டு வருஷம் ஊருக்கே தெரியாம ஒளிச்சு வச்சிருந்ததும் இவங்கதான். அப்புறம் என்னைத் தாகத்துல தவிக்க வைக்க ஒரு கப்பல் கதை குடுத்தாங்க, பாருங்க..." தோளை அழுத்தி உட்கார வைத்தாள். "ஆடாதீங்க. காதுல சாயம் பட்டுச்சுன்னா அப்புறம் அதுக்கும் நான்தான் காரணம்பீங்க."

பெண்கள் சிரித்தார்கள். ஒலிம்பியா சிரிக்கவில்லை. ஆனால் ஆடாமல் உட்கார்ந்தாள்.

அதன்பின் மாதம் ஒருமுறை அவள் அந்தக் கடைக்குப் போகிறாள். எவாந்தியா பெரிய பாட்டிலை வைத்துக்கொண்டு தண்ணீர் குடிப்பதைப் பார்க்கும்போது ஒலிம்பியாவுக்கு இப்போதும் உள்ளே சுருக்கென்றுதான் இருக்கிறது. அதை மறைப்பதில்லை. "அந்தப் பக்கம் திரும்பிக் குடி" என்பாள். எவாந்தியா திரும்பிக்கொள்வாள்.

'எட்டாம் மேடை'யின் அடுத்த பருவம் செப்டம்பரில் தொடங்கியது. புதன்கிழமை காலையில் புதுப் பகுதி வரும். அந்த நேரத்தில் எவாந்தியாவின் கடையில் மூச்சு விட நேரமிருக்காது. ஒலிம்பியாவுக்கு நாற்காலியில் நாலு மணி நேரம் இருக்கிறது. முதல் புதனன்று அவள் கேட்டு முடித்த கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"அக்கா, சீக்கிரம் சொல்லுங்க, தலையில ப்ளீச்சோட ஒருத்தி உக்காந்திருக்கா. கார்தித்ஸா பஸ் கிளம்பிச்சா இல்லையா?"

"வேலையப் பாரு."

"ஒரே ஒரு வார்த்தை! கிளம்பிச்சா?"

"சாயந்திரம் கேட்டுக்கோ."

"வாத்தியாருக்குத் தெரியுமா? லாம்ப்ரோஸுக்குத் தெரியுமா? எனக்கு மட்டும்தான் தெரியாதா?"

அந்தக் குரலில் இருந்தது என்னவென்று ஒலிம்பியாவுக்கு நன்றாகத் தெரியும். சாய்ந்து படுத்துக்கொண்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமல், அவள் கெஞ்சுவதை முழுக்கக் கேட்டாள்.